கலாவதி அக்காவின் கணக்கைப் பூட்டியது யார்?

1. காலை 8.40: கலாவதி அவர்களின் பயனர் கணக்கு பூட்டப்பட்டது.
2. 8.46: கணக்கு திறக்கப்பட்டது.
3. 8.49: மீண்டும் பூட்டப்பட்டது.
4. 8.55 முதல் 10.20 வரை: மேற்படி இரண்டும் மாறி மாறி நடந்தன.
5. 10.25: கிளையின் கணினிகள் ஏழும் இணைப்பிலிருந்து கழற்றப்பட்டன.
6. 10.31: கணக்கு மீண்டும் பூட்டப்பட்டது.
7. 10.40: வெளித்தாக்குதல் என்ற சந்தேகத்தில் திருகோணமலைக் கிளை தலைமையகத்தால் துண்டிக்கப்பட்டது.
8. 11.05: காரணம் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.

இது நான் கொழும்பிலுள்ள தலைமையகத்துக்கு எழுதி அனுப்பிய அறிக்கை. இதில் பொய் ஒரு வரியும் இல்லை. ஆட்கள்தான் இல்லை. யார் பூட்டினார், யார் கழற்றினார், யார் சந்தேகப்பட்டார் என்று கொழும்பில் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களுக்கு ஆட்களை அனுப்புகிறது. மூட்டை இறக்குபவர்கள், கொக்கி மாட்டுபவர்கள், தளத்தைக் கூட்டுபவர்கள் என்று ஒரு கப்பலுக்கு நாற்பது பேருக்கு மேல் போவார்கள். அவர்களுடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் புதிய மென்பொருளில் ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தினால், பட்டியல் நேரே துறைமுக வாசலுக்குப் போய்விடும். பதினொன்றரைக்கு முன் போக வேண்டும். அதற்குப் பிறகு போனால் அன்றைய வேலை வேறொரு கொம்பனியின் ஆட்களுக்கு. எங்கள் ஆட்கள் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

நான் அங்கே கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பட்டம் முடித்த கையோடு சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம்.

சேர்ந்த முதல் நாளே ஒரு விடயத்தைக் கண்டுபிடித்துத் திகைத்துப் போனேன். அலுவலகத்தில் எட்டுப் பேருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தது. எட்டுப் பேரும் கலாவதி அக்காவின் கணக்கில்தான் வேலை செய்தார்கள். மென்பொருளின் கணக்குப்படி கலாவதி அக்கா தினமும் நாலு கதிரைகளில் ஒரே நேரத்தில் அமர்ந்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழும்பாமல் வேலை செய்யும் ஓர் அபூர்வப் பிறவி.

காரணம் கேட்டேன். இருபது வருடமாக அங்கே எழுதுவினைஞராக இருக்கும் சிவபாலன் அண்ணை பொறுமையாக விளக்கினார்.

“தங்கச்சி, என்ர பேரில ஏத்தினா, பிழை வந்தா நான்தானே பதில் சொல்லோணும்.”

“கலாவதி அக்காவின்ர பேரில வந்தா?”

“அவ எல்லாரோடயும் நல்லாக் கதைப்பா. அவவை ஒருத்தரும் ஏச மாட்டினம்.”

அனுமதிப் பொத்தானை அழுத்தும் அதிகாரம் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் கலாவதி அக்கா. மற்றவர் மனேச்சர். மனேச்சருடைய கணக்கைத் தொடங்குவதற்கான மின்னஞ்சல் எட்டு மாதமாகத் திறக்கப்படாமல் அவருடைய பெட்டியில் கிடந்தது. (திறந்தால் என்ன வருமோ என்று மனுசனுக்குப் பயம்.)

நான் சும்மா இருப்பேனா? பாதுகாப்பு என்ற பாடத்தில் எனக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி. ஆகவே திருத்தப் புறப்பட்டேன். முதலில், கடவுச்சொல்லைப் பற்றி ஒன்பது விதிகள் எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு, எல்லோருடைய மேசைக்கும் மேலே ஒட்டினேன். முதலாம் விதி, ‘உங்கள் கணக்கை உங்களைத் தவிர எவரும் பயன்படுத்தக் கூடாது.’ அடுத்ததாக, மூன்று முறை பிழையான கடவுச்சொல் கொடுத்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும்படி செய்தேன். கடைசியாக, எல்லோருடைய பழைய கடவுச்சொல்லும் வரும் திங்கட்கிழமை காலை எட்டரையோடு காலாவதியாகும் என்று அறிவித்தேன். திங்கட்கிழமை கப்பல் வருவதும், கலாவதி அக்கா லீவில் நிற்பதும் எனக்குத் தெரியாது. என் பட்டியலில் அவை இல்லை.

கலாவதி அக்காவுக்கு ஈச்சிலம்பற்றில் வயல். அன்றைக்குத்தான் அவர்களுடைய முறைக்கு நெல் அறுக்கும் வெட்டு மெசின் வந்திருந்தது. மெசின் வரும் நாளைத் தள்ளிப்போட எந்தக் கொம்பனியாலும் ஏலாது.

திங்கள் காலை எட்டரைக்கு சிவபாலன் அண்ணை வழக்கம்போல் அக்காவின் கணக்குக்குள் போனார். புதிய கடவுச்சொல் கேட்டது. அண்ணை அக்காவுக்கு ஃபோன் எடுத்தார். அக்கா அங்கிருந்து சொல்ல, இவர் இங்கே சத்தமாகத் திருப்பிச் சொல்ல, அலுவலகம் முழுவதும் குறித்துக்கொண்டது. என்னுடைய ஒன்பது விதிகளுக்கும் நேர் கீழே இருந்துதான்.

8.40க்குக் கணக்கு பூட்டிக்கொண்டது. திரையில், ‘உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது. நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.’

நிர்வாகி நான்தான். (எனக்கும் அந்த நேரம் ஒரு நிர்வாகியைத் தொடர்புகொள்ள ஆசையாக இருந்தது.)

“பிழையா அடிச்சிருப்பீங்கள்” என்றேன் அண்ணையிடம், ஒரு சிறு புன்னகையோடு. அந்தப் புன்னகையை இப்போது நினைத்தாலும் தலையணைக்குள் முகத்தைப் புதைக்கத் தோன்றுகிறது. பூட்டைத் திறந்துவிட்டேன். மூன்றே நிமிடத்தில் திரும்பவும் பூட்டிக்கொண்டது.

இனி நடந்தது ஒரே மாதிரி. நான் திறப்பேன். பூட்டித் திறந்த கணக்கு என்பதால், உள்ளே போவதற்கு ஓர் இரகசிய இலக்கம் வேண்டும். அது அக்காவின் ஃபோனுக்குத்தான் போகும். வயலில் சிக்னல் கிடைப்பது ஓர் இடத்தில் மட்டும். அது உழவு மெசினின், அதாவது ட்ராக்டரின், பெட்டிக்கு மேல்.

“பிள்ளை, பொறு, ஏறுறன்” என்பார் அக்கா. பின்னால் வெட்டு மெசின் இரையும். “ஏறீட்டன். வரேல்ல. இப்ப வருது. கண்ணாடி கீழ இருக்கு.” பிறகு கீழே நிற்பவரிடம், “இஞ்சேருங்கோ, அந்தக் கண்ணாடியை ஒருக்கா எறியுங்கோ...”

இலக்கம் வரும், அண்ணை அடிப்பார், உள்ளே போவார், ஆட்களின் பெயரை ஏற்றத் தொடங்குவார். இரண்டாவது ஆளில் வெளியே தள்ளிவிடும். ஏற்றியதெல்லாம் அழிந்துபோகும், ஏனென்றால் கடைசி ஆளை ஏற்றும்வரை அந்த மென்பொருள் ஒன்றையும் சேமிக்காது. பிறகு நான் திறப்பேன். அக்கா ஏறுவார்.

ஆட்கள் காலை ஏழரைக்கே வந்து அலுவலக முன்றலில் நின்றார்கள். நாற்பத்திரண்டு பேர். கிண்ணியாவிலிருந்தும் கட்டைபறிச்சானிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள். இரண்டு கிழமையாகக் கப்பல் இல்லை. அதனால் ஒருவரும் வீட்டில் நின்றுவிடவில்லை. அவர்களின் தலைவர் நசீர் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்போம்) அரைமணிக்கு ஒருமுறை கதவால் தலையை நீட்டினார்.

“என்ன தங்கச்சி, போகலாமா?”

“இன்னும் பத்து நிமிசம் காக்கா. உள்ள வராதேங்கோ, தயவுசெய்து வெளிய நில்லுங்கோ. நான் ஒழுங்கா யோசிக்கோணும்.”

“யோசிங்க, யோசிங்க” என்பார். முன்றலில் ஒருவர் கேட்பதும் இவர் பதில் சொல்வதும் கேட்கும். “பெட்டி கோவிச்சிக்கிட்டாம். தங்கச்சி சமாதானம் பண்ணுது.”

நான் பட்டியல் போட்டேன். எனக்குக் கவலை வந்தாலும் பட்டியல்தான், காய்ச்சல் வந்தாலும் பட்டியல்தான். விசைப்பலகையை மாற்றினேன். உலாவியின் நினைவைத் துடைத்தேன். கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். வேறு கணினியில் முயன்றேன். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சரி அடையாளம் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை.

கொழும்பு உதவிப் பிரிவுக்கு எடுத்தேன். அங்கே கதைத்தவர், “நிறுத்திப் போட்டுப் பாத்தீங்களா?” என்றார். அதை மற்றவர்களிடம் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நிறுத்திப் போட்டேன் என்றேன். “அப்ப ஒரு முறைப்பாடு பதியுங்க. மூணு வேலை நாளுக்குள்ள பாப்பம்.” வேறு யாருக்காவது அனுமதி அதிகாரம் தர முடியுமா என்றேன். அதற்கும், மனேச்சரின் காலாவதியான மின்னஞ்சலுக்குப் பதில் புதியது அனுப்புவதற்கும் மூன்று வேலை நாள்.

பிறகுதான் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று மென்பொருள் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். (முதலாவதாகச் செய்திருக்க வேண்டியது. பட்டியலில் பதினோராவதாக இருந்தது.) அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. எங்கள் அலுவலக இணைய இணைப்புக்குள்ளிருந்தே யாரோ கலாவதி அக்காவின் பழைய கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வர முயன்றுகொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை. ஒரு வினாடி முந்தாமல், ஒரு வினாடி பிந்தாமல்.

இவ்வளவு ஒழுங்காகப் பிழை விட மனிதரால் ஏலாது என்று கணினி படித்த எவருக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது, ‘சிவபாலன் அண்ணை சரியான ஒழுங்கான மனுசன்’ என்பதுதான்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. பழைய பாஸ்வேட்டை அடிச்சுக்கொண்டிருக்கிறீங்களா?”

“நான் உங்களோடதானே தங்கச்சி கதைச்சுக்கொண்டிருக்கிறன். ரெண்டு கையும் இஞ்ச இருக்கு.”

அதையும் நம்பாமல் அவருடைய கணினியின் வயரைக் கழற்றினேன். பிறகு அடுத்தவருடையது. பிறகு அடுத்தவருடையது. 10.25க்கு ஏழு கணினிகளும் வயரில்லாமல் நின்றன. பூட்டைத் திறந்துவிட்டு, பதிவேட்டை என் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம், ஒரு முயற்சி. இரண்டாம் நிமிடம், இரண்டாம் முயற்சி. மூன்றாம் நிமிடம், மூன்றாம் முயற்சி. கணக்கு பூட்டிக்கொண்டது.

ஆகவே, என்று நான் தர்க்கரீதியாக முடிவெடுத்தேன், எங்கள் வைஃபையை வெளியிலிருந்து யாரோ உடைத்துவிட்டார்கள். சன்னலால் எட்டிப் பார்த்தேன். வீதியோரத்தில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே ஒருவர் ஃபோனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய், அவர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் பயந்துபோய்த் திருப்பிக் காட்டினார். யாரோ ஒருவர் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். சமையல் காணொளி.

திரும்பி வந்து கொழும்புக்கு ஃபோன் எடுத்தேன். இந்த முறை உரத்த குரலில், அலுவலகம் முழுவதும் கேட்க, “எங்களுக்கு ஒரு தாக்குதல் நடக்குது” என்றேன்.

அந்தச் சொல்லை இந்த ஊரில், நாற்பது வயது தாண்டியவர்கள் இருக்கும் அறையில், உரத்துச் சொல்லக்கூடாது என்று எங்கள் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது சிவபாலன் அண்ணை மின்விசிறியை நிறுத்தி, அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்து, சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றார். யோசிக்காமல், கைகள் தாமாகவே செய்த வேலை.

“கொம்பியூட்டருக்கு அண்ணை” என்றேன். “தாக்குதல் கொம்பியூட்டருக்கு.”

“அதை முதல் சொல்லுங்கோவன்” என்றார். ஆனாலும் பையைக் கீழே வைக்கவில்லை.

மூன்று வேலை நாள் கேட்ட கொழும்பு, தாக்குதல் என்றதும் மூன்று நிமிடத்தில் வேலை செய்தது. மற்றக் கிளைகளுக்குப் பரவாமல் இருக்க எங்கள் கிளையை முழுதாகத் துண்டித்துவிட்டார்கள். பரிசோதித்து, பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப இணைப்பார்களாம். பட்டியலுக்கு இருந்தது ஐம்பது நிமிடம்.

நான் கதிரையில் இருந்து அழக்கூடாது என்று முடிவெடுத்து, அழுவதற்கு முந்திய கட்டத்தில் இருந்தேன். அண்ணை மெல்லக் கேட்டார்.

“தங்கச்சி, எல்லாத்தையும் கழட்டினீங்கள்தானே?”

“ஓம்.”

“அப்ப அந்த அலுமாரிக்கு மேல பச்சை லைட் ஒண்டு மினுங்குதே, அது என்ன?”

அலுமாரிக்கு மேல் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. மூடி வைத்து, மேலே ஒரு கோப்பும் வைத்து, சுவரில் சொருகி. வைத்தது நான்தான். சேர்ந்த இரண்டாம் நாள். உள்நுழைவு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே உள்ளே போய்ப் பார்க்கும் ஒரு சிறு நிரலை நானே எழுதி, அதில் ஓடவிட்டிருந்தேன். வேலை செய்யாவிட்டால் எனக்கு மின்னஞ்சல் வரும். அன்று காலையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்திருந்தன. உள்நுழைவுப் பிரச்சினையில் மூழ்கியிருந்ததால் மின்னஞ்சல் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

கதிரை மேல் ஏறி அதை நிறுத்தினேன். பச்சை வெளிச்சம் அணைந்தது.

“ஆற்ற இது?”

“என்ர.”

“ஆற்ற பேரில உள்ள போகுது?”

“கலாவதி அக்காவின்ர.”

“ஏன், உங்கட பேரில போடேல்லயா?”

எனக்கு ஒரு தொழில்நுட்பப் பதில் வாயில் வந்தது. அதை விழுங்கினேன். “புதுசா வந்தனான். பிழை எண்டு பதிவு விழுந்தா என்ர பேரில விழும் எண்டு...”

அண்ணை சிரிக்கவில்லை. பையை மேசைக்குக் கீழே வைத்தார். “நாங்களும் அதுக்குத்தான் பிள்ளை போடுறேல்ல” என்றார். பிறகு, “இப்ப என்ர வயரைக் கொழுவலாமே?”

வயரைக் கொழுவி என்ன பயன்? கிளையே துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. நான் முன்றலுக்குப் போனேன். நாற்பத்திரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நசீர் காக்காவிடம், பிழை என்னுடையது, பட்டியல் அனுப்ப ஏலாது என்று சொன்னேன். என்னென்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் இரண்டாவதிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்ப தாள்ல எழுதுங்க.”

“தாளில?”

“போன மாசம் கரண்ட் இல்லாத அன்டைக்கி தாள்லதான் போனம். கொம்பனி ஆள் ஒருத்தர் தன்ட பேரையும் ஐடி நம்பரையும் போட்டு, நான் பொறுப்புன்டு எழுதி, வாசல்ல இருக்கணும். உடுவாங்க.”

“காக்கா, இதை ஏன் காலமை சொல்லேல்ல?”

“நீங்க கேக்கல்லியே. ரெண்டு தரம் சொல்ல வந்தன். வெளிய நில்லுங்கன்டு சொன்னீங்க.”

மணி 11.09. அண்ணை ஒரு தாளை எடுத்தார், நான் ஒன்றை எடுத்தேன். ஆளுக்கு இருபத்தொன்று. பெயரையும் இலக்கத்தையும் அவர்கள் வரிசையில் வந்து சொல்லச் சொல்ல எழுதினோம். பதினோரு நிமிடம் பிடித்தது. (மென்பொருளில் இதற்கு நாற்பது நிமிடம். இதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.)

கடைசியில் ‘பொறுப்பு’ என்ற வரி. ஒருவர் சன்னலைப் பார்த்தார். ஒருவர் அழிறப்பரால் மேசையை அழிக்கத் தொடங்கினார். அண்ணை பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், நீட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை. நான் வாங்கி என் முழுப் பெயரையும் எழுதினேன். என் அடையாள அட்டை இலக்கத்தை நானே பிழையாக எழுதி, வெட்டி, இரண்டாம் தரம் எழுதினேன்.

அண்ணையின் மோட்டார் சைக்கிளில் வாசலுக்குப் போனபோது 11.26. அங்கிருந்த சிங்கள அதிகாரி இரண்டு தாளையும் ஆறுதலாகப் படித்தார்.

“இது யாரு?”

“நான்தான்.”

“நங்கி” என்றார், சிங்களத்தில் தங்கச்சி. “நீங்க இங்க இருக்கணும். கடைசி ஆள் வெளிய வர்ற வரைக்கும்.”

“எத்தினை மணிக்கு வருவினம்?”

“கப்பல் வேலை முடிஞ்சா வருவாங்க” என்று ஒரு பிளாஸ்ரிக் கதிரையை நகர்த்தி வைத்தார்.

ஆட்கள் பின்னாலேயே நடந்து வந்து வரிசையாக உள்ளே போனார்கள். நசீர் காக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் என்னைக் காட்டினார். “நல்லாப் பாத்துக்கங்க. இந்தத் தங்கச்சிதான் நமக்குப் பொறுப்பு. ஒருத்தனும் கடலுக்குள்ள உழுந்து அதுட வேலைய இல்லாமப் பண்ணிராதீங்க.” நாற்பத்தோரு பேரும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு மரியாதை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

பகல் முழுதும் அந்தக் கதிரையில் இருந்தேன். நிழல் நகர நகரக் கதிரையையும் நகர்த்தினேன். திருகோணமலை வீதிகளில் திரியும் மான்களில் ஒன்று வந்து, அதிகாரி எனக்குத் தந்த பட்டியல் பிரதியின் மூலையைக் கடித்துக்கொண்டு போனது. முப்பத்தொன்பதாம், நாற்பதாம் ஆட்களின் இலக்கம் போய்விட்டது. மூன்று மணிக்கு அக்கா ஃபோன் எடுத்தார்.

“பிள்ளை, இன்னும் ஏறி நிக்கோணுமா? மெசின் வெட்டி முடிஞ்சுது. உழவு மெசினை எடுக்கப் போகினமாம்.”

காலையிலிருந்து அவரை இறங்கச் சொல்ல நான் மறந்திருந்தேன்.

ஆறு மணி கழிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எண்ணினேன். இரண்டாம் தரமும் எண்ணினேன். நாற்பத்திரண்டு. அதிகாரி தாளில் கோடு போட்டு என்னைப் போகச் சொன்னார்.

வீட்டில் இந்தக் கதையை நான் சுருக்கித்தான் சொன்னேன். அப்பா அதை விரித்து உறவினர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் எது வேலை செய்யாவிட்டாலும், தண்ணீர் மோட்டர் ஓடாவிட்டாலும், சோறு குழைந்தாலும், “ஒரு நிமிசம் பொறு, முதல்ல உன்னைக் கழட்டிப் பாப்பம்” என்கிறார்கள். மாமாவின் மகனுக்குப் பெண் பார்த்துச் சரிவராதபோதும் சொன்னார்கள். நான் அந்தப் பெண் வீட்டுக்குப் போகவே இல்லை.

தற்போதைய நிலை இது. என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டப்பட்டது. பிறகு நான் நிரந்தரமாக்கப்பட்டேன். மனேச்சர் தன் மின்னஞ்சலை இன்னும் திறக்கவில்லை. அனுமதிக்கும் அதிகாரம் இப்போது எனக்கும் இருக்கிறது. கப்பல் வரும் நாட்களில் என் கணக்கில், என் பெயரில், நானே பட்டியலை ஏற்றி அனுப்புகிறேன். ஒரு பிரதியைத் தாளிலும் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு நசீர் காக்காவின் ஆட்கள் ஒரு கப்பலையும் தவறவிடவில்லை.